ஆகாயக்கப்பலும் ஏழாம் நம்பர் வீட்டுத் துடைப்பமும்

அத்தியாயம் 7

ஓர் ஆகாயக்கப்பல் எரிந்து விழ எத்தனை காரணம் இருக்க முடியும்? ஆல்ட்ஸீ ஊர் நடன மண்டபத்தில் நடந்த விசாரணையில், வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் பதினொன்று சேர்ந்திருந்தது.

மின்னல் என்றார் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த பேராசிரியர். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, இது கண்ணுக்குத் தெரியாத மின்னல் என்று விளக்கினார். தரையைத் தொட்ட கயிற்றிலிருந்து மின்பொறி பறந்தது என்றார் ஒரு பொறியாளர். மேலுறைக்குப் பூசிய வர்ணமே வெடிமருந்துதான் என்றார் இன்னொருவர். வர்ணம் பூசிய ஆள் எழுந்து அவர் சட்டையைப் பிடிக்கப் போனான். பத்திரிகைகளுக்கு வெடிகுண்டுதான் பிடித்திருந்தது, தலைப்பில் பெரிய எழுத்தில் போட அது வசதி. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வாத்து என்றார். விளக்கம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். 1931 ஜூன் ஆறாம் தேதி, சனிக்கிழமை மாலை ஏழு மணி ஒன்பது நிமிஷம். ‘டோனாவ்’ என்ற பயணிகள் ஆகாயக்கப்பல் எங்கள் ஏரிக்கரை மைதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது வாலில் தீப்பிடித்தது. அரை நிமிஷத்தில் வெறும் எலும்புக்கூடு. பதின்மூன்று பேர் செத்துப்போனார்கள்.

பதினொரு காரணத்தில் எதுவும் தேறாததால், கமிஷன் பன்னிரண்டாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தது. கப்பலின் சமையல்காரர். காரணம் கிடைக்காவிட்டால் ஆளாவது கிடைக்க வேண்டும் அல்லவா?

அவர் பெயர் வெண்டலின் ஹாக். நூற்றிருபது கிலோ. இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. மண்டபத்து நாற்காலி எதுவும் அவரைத் தாங்காது என்று, வாத்தியக்காரர்களின் மேடைப் படியில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு நீதிபதி எபர்லே கையெழுத்துப் போட்டால் அவர் உல்ம் சிறைக்குப் போவார். அங்கிருந்து பதின்மூன்று கொலைக்கான வழக்கு. அதற்கப்புறம் போகிற இடத்தைப் பற்றி அவர் மனைவி ரோசினா யோசிக்க மறுத்துவிட்டதால்தான் எங்களிடம் வந்தாள்.

எங்களிடம் என்றால், துப்பறிவாளர் லாம்பர்ட்டிடமும் என்னிடமும். நான் சென்சி. தட்டச்சு, காபி, கேலி மூன்றும் என் பொறுப்பு. லாம்பர்ட் இருபது வருஷம் ரயில்வேயில் கால அட்டவணை தயாரித்தவர். ரயில்கள் நேரத்துக்கு வரும் என்று எழுதிக் கொடுத்தே பழகியதால், ஒரு பொய்யைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு அடையாளம் தெரியும். நாற்காலியைவிட உயரமான எதிலும் அவர் ஏறியதில்லை.

அன்று காலை இரண்டு சாட்சிகள். முதலில் இக்னாட்ஸ் ஃபெல். தபாலாபீஸ் தலைமை எழுத்தர், மீசைக்கு மெழுகு பூசுகிற ரகம்.

“நான் எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன் ஐயா, ஏழாம் நம்பர் வீடு. ஆறே முக்கால்லேர்ந்து ஏழு பத்து வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையலை. கப்பலோட வால் எங்க தலைக்கு மேலதான் வரும். ஏழு அஞ்சுக்கு வால்ல இருந்த சின்னக் கதவு திறந்துச்சு. இந்த ஆள் நின்னாரு. கையில நெருப்பு.”

“இவர்தான் என்று எப்படித் தெரியும்?” என்றார் நீதிபதி.

“உடம்பை வெச்சுத்தான் ஐயா. ஊர்ல வேற யாருக்கு இருக்கு?”

அன்று கையில் வைத்திருந்த மாலைப் பத்திரிகையையும் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலால் நேரம் குறித்திருந்தது. பத்திரிகை இஸ்திரி போட்டதுபோல மொடமொடவென்று இருந்தது. நீதிபதி அதை மேஜைமேல் பத்திரமாக வைத்தார்.

அடுத்தவர் ஹார்ட்விக், கப்பலின் முதல் அதிகாரி. கேப்டன் இறந்துவிட்டதால் இவர் சொன்னதுதான் வேதம்.

“கப்பல் சமமாகத்தான் வந்தது. வழக்கம்போல ஒரு தடவை தண்ணீர் கொட்டினோம். யாரையும் எங்கேயும் போகச் சொல்லவில்லை” என்றார்.

மேடைப் படியிலிருந்து வெண்டலின் எழுந்தார். “சார், நீங்கதானே கூப்பிட்டீங்க? ‘வால் கனக்குது, ஆறு பேர் மூக்குக்கு ஓடுங்க’ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே! நான் முன்னால, கப்பலோட மூக்குல இருந்தேன் சார். வால்ல இல்ல.”

“அந்த மற்ற ஐந்து பேர் எங்கே?” என்றார் நீதிபதி.

“செத்துட்டாங்க ஐயா.”

நீதிபதி ‘சாட்சி இல்லை’ என்று எழுதிக்கொண்டு சாப்பிடப் போனார்.

தாழ்வாரத்தில் ரோசினா எங்களுக்காகக் காத்திருந்தாள். அழுது முடித்துவிட்டு முகம் கழுவியிருந்தாள்.

“சார், தண்ணி ஒரு தடவை இல்ல, மூணு தடவை கொட்டுச்சு. நாங்களும் அதே ஏழாம் நம்பர்லதான் இருக்கோம். நான் முற்றத்துல நின்னேன், மூணு தடவையும் தொப்பலா நனைஞ்சேன். இக்னாட்ஸ் வாசல்லயே இல்ல. போலீஸ்ல இதைச் சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?” என்றார் லாம்பர்ட்.

“பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னு சிரிச்சாங்க.”

அவள் போனதும் லாம்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேரம் என்ன சென்சி?”

“கடிகாரம் உங்க கையிலதான் சார் இருக்கு. பன்னிரண்டு அஞ்சு. இன்னும் மூணு மணி நேரம் கூட இல்ல.”

“ஆகாயக்கப்பல் ஒரு தராசு மாதிரி. வால் கனத்தா, வால்ல இருக்கிற தண்ணியைக் கீழ கொட்டுவாங்க. அப்பவும் சரியாகலைன்னா ஆளுங்களை மூக்குப் பக்கம் ஓடச் சொல்லுவாங்க. ஒரு தடவை கொட்டினா அது வழக்கம். மூணு தடவை கொட்டியிருந்தா?”

“வால் ரொம்பக் கனத்திருக்கு. ஆளுங்களை ஓடச் சொல்லியிருப்பாங்க. வெண்டலின் சொல்றது நிஜம்.”

“வால் ஏன் கனக்கணும்?”

“வெண்டலின் அங்க நின்னதாலன்னு கமிஷன் சொல்லும்.”

“அவர் குண்டுதான். யானை இல்ல. வாலைத் தூக்கிப் பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு ஒழுகியிருக்கு, சென்சி. அது ஹார்ட்விக்குக்குத் தெரியும். கீழ மந்திரி மாலையோட நிக்கிறார், பேண்டு வாத்தியம் வாசிக்குது, அதனால இறக்கிட்டார். இப்ப தண்ணி ஒரு தடவைதான்னு சொல்றார்.”

“ஆக, மூணு வாரத்துக்கு முன்னாடி கொட்டின தண்ணியை நாம இப்ப கண்டுபிடிக்கணும். வெயில் காலத்துல. உங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க அத்தை அப்பவே சொன்னாங்க.”

முதலில் பீர் தோட்டத்துக்குப் போனோம். கப்பல் கயிறு பிடிக்கும் ஆட்கள் அங்கே கூட்டமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தார்கள். ஏழு பேரைத் தனித்தனியாகக் கேட்டோம். ஏழு பேரும், “தண்ணி ஒரு தடவைங்க, வழக்கம்போல” என்றார்கள். ஏழு பேரும் ஒரே இடத்தில் தொண்டையைச் செருமினார்கள். எட்டாவது ஆள் வாயைத் திறப்பதற்குள் நானே செருமலோடு சேர்த்துச் சொல்லி முடித்தேன்.

“நீங்களும் கப்பல் கம்பெனி ஆளுங்களா?” என்று கேட்டார் அவர், மரியாதையாக.

மணி பன்னிரண்டரை. லாம்பர்ட் ஒரு பொட்டலம் செர்ரிப் பழம் வாங்கிக்கொண்டு, “வா, அந்த ஏழாம் நம்பர் வீட்டைப் பார்ப்போம்” என்றார்.

மைதானத்து வேலியை ஒட்டி இருந்தது அது. நான்கு குடித்தனம், நடுவில் கல் பதித்த முற்றம், கிணறு, தெருவைப் பார்த்த வாசல். அந்த முற்றத்தில் இலை கூட விழப் பயப்படும் போலிருந்தது. ஒரு வீட்டுக் கதவில் ‘பெருக்கும் வாரம்’ என்ற தகரப் பலகை தொங்கியது. பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அவர் அந்த வாரம் படிக்கட்டு, முற்றம், வாசல் எல்லாம் பெருக்க வேண்டும். சனிக்கிழமை இருட்டுவதற்குள் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கடவுளை நம்பாதவர்கள் உண்டு. பலகையை நம்பாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

மாடி ஜன்னல் திறந்தது. ஒரு கொண்டை தெரிந்தது, கொண்டைக்குக் கீழே கோபமாக ஒரு முகம்.

“யாரது? கால் துடைச்சீங்களா?”

“துடைச்சோம்மா” என்றார் லாம்பர்ட்.

“ரெண்டு காலையுமா?”

வீட்டு நிர்வாகி நோட்பூர்கா அம்மாள் கீழே இறங்கி வந்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த முற்றத்தை ஆண்டு வருபவர். நான் ஆகாயக்கப்பல் என்று ஆரம்பித்ததும் அவர் கையைத் தூக்கினார்.

“அந்தப் பேச்சே எடுக்காதம்மா. பதிமூணு உயிரு, பாவம்தான், யாரு இல்லைன்னா? ஆனா எங்க முற்றத்தைப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“அன்னிக்கு எத்தனை தடவைம்மா தண்ணி கொட்டுச்சு?” என்றார் லாம்பர்ட்.

“அதெல்லாம் புத்தகத்துல இருக்கு.”

“புத்தகத்தைப் பார்க்கலாமா?”

“வெளியாளுக்குக் காட்டறது இல்ல. குடித்தனக்காரங்களுக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான்.”

“ஒரு ஆளோட உயிர்ம்மா.”

“எல்லாருக்கும் உயிர் இருக்கு. புத்தகம் ஒண்ணுதான் இருக்கு.”

லாம்பர்ட் என்னைப் பார்த்தார். பிறகு செர்ரிப் பொட்டலத்தைப் பார்த்தார். இருபது வருஷம் ரயில்வேயில் இருந்தவர் கண்ணால் கொடியசைத்தால் நமக்குப் புரியாதா? நான் ஐந்து பழத்தை ஒரே சமயத்தில் வாயில் போட்டு மென்றேன். கொட்டைகளை ஒவ்வொன்றாக அந்தப் பளிங்குபோன்ற முற்றத்தில் துப்பினேன்.

நோட்பூர்கா அம்மாளின் முகத்தில் ரத்தம் ஏறியது. வீட்டுக்குள் போனார், கறுப்புத் துணி அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார், கிணற்று மேடையில் விரித்து வைத்து எழுதினார். ‘26 ஜூன், 12.50. அன்னியப் பெண். செர்ரிக் கொட்டை, நான்கு.’

“மன்னிக்கணும்மா. ஐந்து. ஒண்ணு கிணத்தடியில கிடக்கு” என்றார் லாம்பர்ட்.

அந்த அம்மாள் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து நான்கை அடித்து ஐந்தாக்கினார். லாம்பர்ட்டை இப்போது வேறு மாதிரிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் இனத்தைச் சேர்ந்த ஒரு மனிதரைக் கண்டுவிட்டார்.

“இவ்வளவு துல்லியமா எழுதறீங்க, ஜூன் ஆறாம் தேதியையும் இப்படித்தான் எழுதியிருப்பீங்க” என்றார் லாம்பர்ட் சாதுவாக.

“சந்தேகமா?” அந்த அம்மாள் பக்கத்தைப் புரட்டினார். “நீங்களே பாருங்க!”

பார்த்தோம்.

‘6.48. கப்பல். தண்ணீர். வாசல் முதல் கிணறு வரை சேறு. ஃபெல் முறை. கூப்பிட்டேன், பதில் இல்லை. பெருக்கியவர்: ரோசினா ஹாக். அவர் முறை அல்ல.’

‘6.55. மறுபடி தண்ணீர். வாசல் முதல் கிணறு வரை. ஃபெல் இல்லை. பெருக்கியவர்: ரோசினா ஹாக். கண்டிக்கப்பட்டார்.’

‘7.02. மூன்றாம் முறை. ஃபெல் இல்லை. பெருக்கியவர்: ரோசினா ஹாக். கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். பிறர் வாரத்தில் பெருக்குவது ஒழுங்குக்கு அவமரியாதை.’

‘7.09. கப்பல் எரிந்தது. சாம்பல் விழுகிறது. பெருக்குபவர் யாரும் இல்லை.’

கடைசி வரியைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் கேலி மறந்துவிட்டது. அந்தத் துடைப்பத்தை ரோசினா எந்த இடத்தில் போட்டுவிட்டு ஓடியிருப்பாள் என்று தோன்றியது.

“ரோசினா ஏம்மா அவங்க முறை இல்லாதப்ப பெருக்கினாங்க?” என்றேன்.

“புருஷன் மூணு நாள் கழிச்சு வர்றானாம். சேத்துல நடந்து வரக் கூடாதாம். கேட்டா இதான் பதில். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.”

“ரொம்ப நல்லது” என்றார் லாம்பர்ட்.

“என்ன நல்லது?”

“உங்களுக்கு அவங்களை ஆகாதுங்கறது. பொண்டாட்டி சொன்னா சிரிப்பாங்க. விரோதி எழுதி வெச்சா சிரிக்க மாட்டாங்க.” அவர் விரல் பக்கத்தின் ஓரத்துக்குப் போனது. “இது என்னம்மா, சிவப்பு மையில?”

‘7 ஜூன். ஃபெல் விளக்கம்: வாசலில் நின்று கப்பலைப் பார்த்தாராம். வால் கதவில் யாரோ நெருப்போடு நின்றதைக் கண்டு கை நடுங்கித் துடைப்பத்தைப் பிடிக்க முடியவில்லையாம். மன்னிக்கப்பட்டது.’

“இவர் போலீஸுக்குச் சாட்சி சொன்னது எட்டாம் தேதி” என்றேன் நான்.

“ஆமா. ஒரு நாள் முன்னாடி இங்க சொல்லியிருக்கார். போலீஸ்ல சமையல்காரர். இங்க வெறும் ‘யாரோ’.” லாம்பர்ட் புத்தகத்தை மரியாதையோடு மூடினார். “அம்மா, இந்தப் புத்தகம் மூணு மணிக்கு மண்டபத்துக்கு வரணும்.”

“இது இந்த வாசலைத் தாண்டினதே இல்ல.”

“சரிம்மா. அங்க ஒரு அதிகாரி தண்ணி ஒரே ஒரு தடவைதான்னு பைபிள் மேல கை வெச்சுச் சொல்லிட்டார். அப்ப உங்க புத்தகம் தப்புன்னு ஆயிடும். பரவாயில்லையா?”

நோட்பூர்கா அம்மாள் தொப்பியைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மூன்று மணிக்கு நீதிபதி எபர்லே பேனா மூடியைத் திறந்துவிட்டார். வெண்டலின் மேடைப் படியில் தலை குனிந்திருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் அவர் பக்கத்தில் போய் நின்றாகிவிட்டது. லாம்பர்ட் எழுந்தார்.

“ஒரு சந்தேகம் ஐயா. ஃபெல் அவர்களிடம் கேட்க வேண்டும்.”

“சீக்கிரம்.”

“ஃபெல் சார், வாசல்ல நின்னப்ப இந்தப் பத்திரிகை உங்க கையிலதான் இருந்துச்சா?”

“ஆமா. விரிச்சுப் பிடிச்சிருந்தேன்.”

“தண்ணி எத்தனை தடவை விழுந்துச்சு?”

இக்னாட்ஸ் ஒரு கணம் ஹார்ட்விக்கைப் பார்த்தார். “ஒரு தடவை. எங்கயோ தள்ளி.”

லாம்பர்ட் புத்தகத்தை நீதிபதி முன் விரித்தார். நீதிபதி முதலில் எரிச்சலோடு படித்தார், பிறகு மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். லாம்பர்ட் தன் பையிலிருந்து அன்றைய பத்திரிகையை எடுத்து மேஜைமேல் விரித்து, நீதிபதியின் தண்ணீர்க் குவளையை அதன்மேல் கவிழ்த்தார். பத்திரிகை கஞ்சியாகிப் பேராசிரியரின் மடியில் வழிந்தது.

“இது கால் லிட்டர் ஐயா. அந்த வாசல்ல விழுந்ததை அந்தம்மா மூணு தடவை எழுதியிருக்காங்க. ஃபெல் சாரோட பத்திரிகையைத் தொட்டுப் பாருங்க.”

நீதிபதி தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று சத்தம் கேட்டது.

“எங்கே இருந்தீர், ஃபெல்?”

மெழுகு மீசை நடுங்கியது. “வீட்டுலதான் ஐயா.”

“வீட்டில் எங்கே?”

“கட்டில்ல.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “தூங்கிட்டேன். அன்னிக்கு என் முறை. மறுநாள் நோட்பூர்கா அம்மா துடைப்பத்தோட வந்து நின்னாங்க. என்ன சொல்றதுன்னு தெரியலை. வால்ல யாரையோ பார்த்தேன்னு வாயில வந்துடுச்சு. அவங்க ஊர் பூரா சொல்லிட்டாங்க. போலீஸ் வந்து, ஆள் குண்டா இருந்தானான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.”

விசாரணையின் ஆரம்பத்தில், இறந்த பதின்மூன்று பேரின் பெயரைப் படித்தபோது அந்த மண்டபத்தில் சிலர் கைக்குட்டையை எடுத்திருந்தார்கள். இப்போது மண்டபமே எழுந்து நின்றது. “சனிக்கிழமையா!” என்று ஒரு பெண் அலறினாள். “பெருக்காம தூங்கினானா!” பின்வரிசையில் ஒருவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

“ஐயா!” இக்னாட்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “பொய்ச் சாட்சின்னு எழுதிக்கோங்க. லஞ்சம் வாங்கினேன்னு வேணாலும் எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். பெருக்கலைன்னு மட்டும் எழுதாதீங்க. எங்கம்மா இன்னும் உயிரோட இருக்காங்க!”

மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு துடைப்பத்தைக் கையில் எடுக்காததை மறைக்க ஒரு மனிதனைத் தூக்குமேடை வரை நடத்திக்கொண்டு போயிருக்கிறான், அதுவும் அதே முற்றத்தில் குடியிருப்பவனை. தினமும் ரோசினாவுக்குக் காலை வணக்கம் வேறு சொல்லியிருப்பான்.

அந்தச் சத்தத்தில் ஹார்ட்விக் அமைதியாக எழுந்தார்.

“இந்த ஆள் பொய் சொன்னான், சரி. அதனால் சமையல்காரர் எங்கே இருந்தார் என்பது நிரூபணம் ஆகிவிடாது. துடைப்பக் கணக்கை வைத்து ஆகாயக்கப்பலை அளக்க முடியுமா? நான் மறுபடியும் சொல்கிறேன். ஒரு தடவைதான்.”

நீதிபதி தயங்கினார். போலீஸ்காரர்கள் இன்னும் வெண்டலின் பக்கத்திலேயே நின்றார்கள். ரோசினா என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. லாம்பர்ட் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு நாற்காலி கீழே விழுந்தது.

“தம்பி, என்ன சொன்னீங்க?”

நோட்பூர்கா அம்மாள் நடுவழியில் நடந்து வந்தார். கூட்டம் தானாகவே விலகியது.

“என் புத்தகம் பொய்யா? நான் பொய் எழுதினேனா?” புத்தகத்தை நீதிபதியின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “இந்தக் கப்பல் எங்க தலைக்கு மேல நாப்பத்தியோரு தடவை இறங்கியிருக்கு. போன வருஷம் மார்ச் பதினாலு, தண்ணி ஒரு தடவை. ஏப்ரல் நாலு, ஒரு தடவை. ஏப்ரல் பத்தொன்பது, ஒரு தடவை. மே ரெண்டு...”

“அம்மா, போதும்...” என்றார் நீதிபதி.

“போதாது! நாப்பது தடவையும் ஒண்ணு. அன்னிக்கு மட்டும் மூணு. இது யாரோட கையெழுத்து?” ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்த கடிதத்தை ஹார்ட்விக்கின் மூக்குக்கு நேரே நீட்டினார். “மே மாசம் நான் புகார் எழுதினப்ப நீங்கதானே பதில் போட்டீங்க? ‘ஒரு தடவை கொட்டினால் முந்நூறு லிட்டர் விழும், தவிர்க்க முடியாது, வருந்துகிறோம்’. பத்திரமா ஒட்டி வெச்சிருக்கேன். மூணு முந்நூறு எவ்வளவு? சொல்லுங்க!”

ஹார்ட்விக் கடிதத்தைப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். பதினொரு நிபுணர்களையும் சமாளித்த மனிதர், ஒரு கொண்டைக்கு முன்னால் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

“தொள்ளாயிரம்” என்றார்.

“வால் கனமாக இருந்ததா?” என்றார் நீதிபதி.

“இருந்தது. கொட்டக் கொட்ட இறங்கிக்கொண்டேதான் இருந்தது. வாயு போகிறது என்று தெரியும். ஒரு மணி நேரம் வெளியே சுற்றிவிட்டுப் பார்த்திருக்கலாம். கீழே எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.”

“ஆறு பேரை மூக்குப் பக்கம் அனுப்பினீரா?”

“அனுப்பினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.”

“ஆறாவது ஆள்?”

“ஹாக். சமையல்காரர்.”

நீதிபதி பேனாவை மூடினார். போலீஸ்காரர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள், ஏதோ ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் நின்றதுபோல. ரோசினா என் கையை விட்டுவிட்டு ஓடினாள். கட்டுப் போட்ட கைகளைப் பிடிக்க முடியாமல், வெண்டலினின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீ எதனால் பற்றியது என்பதற்குக் கமிஷன் அன்று மாலையே அறிக்கை எழுதியது. காரணம் தெரியவில்லை, கடவுளின் செயல் என்று முடித்தார்கள். அப்பீல் பண்ண வராத ஒரே ஆள் அவர்தான்.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தபோது ஹார்ட்விக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேடைப் படிக்கு வந்தார்.

“வெண்டலின், என்னை மன்னிச்சுடுங்க. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.”

வெண்டலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசினாதான் நிமிர்ந்தாள்.

“எங்ககிட்ட மன்னிப்புக் கேட்கிறது ரொம்பச் சுலபம் சார். எங்க வீட்டு ஆளு திரும்பி வந்தாச்சு. மூக்குக்குப் போன மத்த அஞ்சு பேரு வீட்டுல, அவங்க ஏன் அங்க போனாங்கன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. மேலேர்ந்து ஊரை வேடிக்கை பார்க்கப் போயிருப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. அங்க போய்ச் சொல்லுங்க.”

ஹார்ட்விக் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. அவர் ஏன் நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. வெண்டலினுக்குப் புரிந்தது. அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிதருக்கு அவர்களுடைய வீடு எங்கே என்று தெரியாது.

“முதல்ல கொர்பினியன் வீடு” என்றார் வெண்டலின் மெதுவாக. “சர்ச்சுக்குப் பின்னாடி சந்துல, பச்சைக் கதவு. கதவைத் தட்டாதீங்க சார், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அந்தச் சாயங்காலத்துலேர்ந்து சத்தம் கேட்டா அவன் பொண்டாட்டி பயந்துக்கிறா.”